கடற்கரைக் கதைக்கு வெளியூர் உவமை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இராமநாதபுரம் கடற்கரையைக் களமாகக் கொண்ட சிறுகதைகள் அடிக்கடி வருகின்றன. களம் நம்முடையது, உவமையும் நடையும் மட்டும் வெளியூரிலிருந்து வந்து இறங்குகின்றன. கடல் என்றால் நீலப் பட்டு, அலை என்றால் தாலாட்டு, புயல் என்றால் தனுஷ்கோடி. எழுதுகிறவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. அணி என்பதைக் கதை முடிந்தபின் பூசும் சாயமாக நினைப்பதுதான் கோளாறு. யார் கண்ணால் கதையைப் பார்க்கிறோம் என்று முடிவானால், எந்த உவமை வரலாம், எது வரக்கூடாது என்பதும் அப்போதே முடிவாகிவிடும்.

இதற்குப் பாடம் இந்தக் கரையிலேயே இருக்கிறது. அகநானூற்றின் 70ஆம் பாட்டு, மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. தலைவியின் களவுக் காதலைப் பற்றி ஊர்ப்பெண்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். கல்யாணம் கூடிவந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது. இதற்கு உவமை, 'தொன்முது கோடி'யில் இராமன் 'அருமறைக்கு', அதாவது மறைவான ஆலோசனைக்காக, ஒலியை அடக்கிய ஆலமரம். அந்தக் கோடியைத் தனுஷ்கோடி என்று கொள்வார்கள். அந்த இடத்தில் பறவை என்ற சொல்லே கிடையாது. ஒலி அவிந்த ஆலமரம் என்றதும் நம் காதே பறவைகளைக் கொண்டுவந்து உட்காரவைத்து, உடனே அடக்கியும் விடுகிறது.

இன்னொரு நுட்பம், மரத்துக்கு முன்னால் கடலை வைத்திருப்பது. 'முழங்கிரும் பௌவம் இரங்கும் முன்துறை' என்று முதலில் கடல் இரைகிறது; அப்புறம்தான் மரம் அடங்குகிறது. கடல் இரைந்துகொண்டே இருப்பதால்தான் மரத்தின் மௌனம் கேட்கிறது. 'அமைதி நிலவியது' என்று எழுதுவோர் இந்த மூன்று வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். பாட்டின் தொடக்கத்தில் மீன் பங்கு வைக்கும் காட்சி வருகிறது. அங்கே வெறும் வலை இல்லை, 'குறுங்கண் அவ்வலை'. வெறும் மீன் இல்லை, 'கொழுங்கண் அயிலை'. வலைக்கும் கண், மீனுக்கும் கண். வலையின் கண் அளவும் மீனின் பெயரும் தெரிந்தவர் சொல்லும் பேச்சு அது.

உவமை பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பியம்: வினை, பயன், மெய், உரு. நம் கடற்கரைக் கதைகளில் உருவும் மெய்யும், அதாவது நிறமும் வடிவமும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வினையும் பயனும் சும்மா கிடக்கின்றன. கடன்காரனின் பேச்சைத் 'தேள் கொடுக்கு' என்று எழுதினால் எந்த ஊருக்கும் பொருந்தும். மேலே அலையே இல்லாமல் அடியில் வலையை இழுத்துக்கொண்டு போகும் நீவாட்டைப் போல அவன் பேசினான் என்றால், அது கடலுக்குப் போகிறவன் மனதில் தோன்றிய உவமை. இராமநாதபுரத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி எழுத்தர் கதை சொல்கிறார் என்றால் இதே உவமை பொய்யாகிவிடும். அவருக்கு நீவாடு கண்ணில் படாது.

காற்றையும் மாதத்தையும் சரிபார்க்காமல் எழுதுவது அடுத்த சிக்கல். பாம்பனில் ஒரே நாளில் இரண்டு கடல் உண்டு. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் கொந்தளிக்கும். பாக் விரிகுடாப் பக்கத்து வடகடல் பணிந்து கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வந்தால் நிலைமை தலைகீழ். இங்குள்ளவர்கள் தென்கடலை ஆண்கடல் என்றும் வடகடலைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். எழுத்தாளர் புதிதாக உருவகம் தேட வேண்டியதே இல்லை. வாடைக் காலத்தில் பெண்கடல் சீறும்போது அந்த உருவகத்துக்குள்ளேயே ஒரு முரண் காத்திருக்கிறது. ஆடி மாதத்தில் 'மண்டபத்துக் கடல் குமுறியது' என்று மொட்டையாக எழுதினால், எந்தக் கடல் என்று இங்குள்ள வாசகர் கேட்பார். அதேபோல், தொண்டியில் சூரியன் கடலில் மறையாது. கடல் அங்கே கிழக்கே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு போகும். கதையில் மே மாதம் வந்தால் இந்த வேற்றுமையே ஒரு சண்டைக்குப் போதும்.

வாக்கிய அமைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடற்பாசி எடுக்கப் போகும் பெண்ணைப் பற்றிய கதையில் இப்படி எழுதுகிறார்கள்: 'மூழ்கினாள். பாறையைத் தடவினாள். பாசியைப் பிடுங்கினாள். பையில் திணித்தாள்.' விறுவிறுப்பாக இருக்கும் என்று நினைப்பு. ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் வாசகர் மூச்சு விடுகிறார்; அவளோ தண்ணீருக்குள் இருக்கிறாள்! தமிழில் இதற்கு அருமையான கருவி வினையெச்சம். 'மூழ்கி, துணி சுற்றிய விரலால் பாறையைத் தடவி, மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி, இடுப்புப் பைக்குள் திணித்து, இன்னொரு பிடிக்குக் கை நீட்டி, முடியாமல் மேலே வந்தாள்.' வினைமுற்று வரும்வரை வாசகரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஐந்தாறு எச்சம் போதும்; பத்தைத் தாண்டினால் வாசகர் மூழ்கிவிடுவார். கரையில் கூடைகளை எடை போட்டுக் காசு எண்ணும் காட்சிக்கு அந்தக் குட்டி வாக்கியங்களை வைத்துக்கொள்ளலாம், அங்கே அவை பொருந்தும்.

சொல்ல வந்ததை வெளிப்படையாகச் சொல்லாமல் காட்சிக்குள் வைத்துவிடும் உள்ளுறை என்பது செய்யுளோடு போய்விட்டதாக ஓர் எண்ணம் இருக்கிறது. கப்பாப்பாசி வளர்க்கும் 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 45 நாளில் அறுவடை. கதையின் தொடக்கத்தில் தெப்பத்தைக் கட்டி மிதக்கவிட்டு, நடுவில் குடும்பக் கடனைப் பேசி, கடைசியில் காற்று கயிற்றை அறுத்துவிட்டதாகக் காட்டினால் போதும். 'அவள் வாழ்க்கையும் அறுந்த தெப்பம்போல் ஆனது' என்று அடுத்த வரியில் எழுதிவிட்டால் உள்ளுறை செத்தது. ஒரு பொருள் முதலில் காட்சிக்குள் தன் வேலையைச் செய்ய வேண்டும். வேறு பொருள் தருவதெல்லாம் பிறகு. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயச் சுவர் இப்போது கதைகளில் வேலை எதுவும் செய்வதில்லை. படம் எடுத்துக்கொள்ள நிற்கிறது, அவ்வளவுதான்.

வட்டாரச் சொல்லுக்கு வருகிறேன், இது தங்கள் இணைப்பாசிரியர்களுக்கும் உரியது. 'மடி (வலையின் பை போன்ற பகுதி)' என்று அடைப்புக்குறிக்குள் விளக்கம் போடுவதால் கதைசொல்லி திடீரென்று வகுப்பு ஆசிரியராகிவிடுகிறார். 'மடியை அவிழ்த்ததும் மீன் மணலில் கொட்டியது' என்றால் மடி எதுவென்று மதுரைக்காரருக்கும் புரியும். சொல்லுக்குப் பக்கத்தில் அதன் வேலையை வைத்தால் விளக்கம் வேண்டாம். ஆயிரம் சொல் கதையில் வாசகர் அறியாத சொல் ஐந்தாறு இருக்கலாம். ஒவ்வொன்றும் இரண்டாம் முறையும் வந்தால் நிலைத்துவிடும். உரையாடலில் உறவுப்பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். கீழக்கரை வீட்டில் 'வாப்பா', 'உம்மா', 'காக்கா' என்று அழைக்கும் ஒரு குரல் போதும், குடும்பத்தை அறிமுகப்படுத்தத் தனிப் பத்தி தேவையில்லை. கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டை எழுதும்போது, 'ஏலேலோ'வை வரிக்கு வரி தூவாமல் கயிறு இழுபடும் இடத்தில் மட்டும் விழவைத்தால் பாட்டோடு வலையும் நகரும்.

இப்படியெல்லாம் பார்த்து எழுதியவர் 'வத்தை' என்று எழுதியிருந்தால் அதைப் 'படகு' என்றும், 'கச்சான்' என்றிருந்தால் அதைப் 'பலத்த காற்று' என்றும் திருத்தி அச்சிட வேண்டாம். சொல் புரியவில்லை என்று தோன்றினால், அந்த வாக்கியத்தில் சொல்லுக்குப் பக்கத்தில் அதன் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கதையை எழுதியவருக்கே திருப்பி அனுப்பி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
பெரியபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்