பயாப்சி அறிக்கைகள் நோயாளியின் சரியான முகவரியோடு புற்றுநோய்ப் பதிவேட்டில் சேர ஆவன செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆய்வக நுட்பநர்கள் மற்றும் நோய்ப்பதிவுப் பணியாளர்கள்,
ராமநாதபுரம் கடற்கரை வட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ராமநாதபுரம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சென்னையில் 1982 முதல் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு, அதாவது ஒரு பகுதியில் வசிப்போர் அனைவரின் புற்றுநோயையும் கணக்கெடுக்கும் பதிவேடு, நடந்துவருகிறது. பின்னாளில் அது மாநிலம் முழுமைக்குமான திட்டமாக விரிந்தது. ஆகவே பதிவேடு இல்லை என்பது எங்கள் குறையல்ல. நம் கடற்கரை ஊர்களில் வசிப்போரின் நோய் மதுரைக் கணக்கில் விழுகிறது, அல்லது எந்தக் கணக்கிலும் விழாமல் போகிறது என்பதே குறை.

தொண்டியிலோ தங்கச்சிமடத்திலோ பயாப்சிக்காக (நுண்ணோக்கிச் சோதனைக்காக) எடுக்கப்படும் சதைத் துணுக்கு கலெக்‌ஷன் சென்டர் (மாதிரி சேகரிப்பு மையம்) வழியாக மதுரைக்கோ அதற்கு அப்பாலோ போகிறது. கூடவே போகும் சீட்டில் பெயர், வயது, அனுப்பிய மருத்துவர், இவ்வளவுதான் இருக்கும். முகவரிக் கட்டம் காலி. கணினியில் ஏற்றுபவர் அந்த இடத்தில் கலெக்‌ஷன் சென்டரின் ஊரை அடித்துவிடுவார். பதிவேட்டுப் பணியாளர் ஆய்வகத்துக்குப் போய்ப் பட்டியல் கேட்டால் 'பாத்திமா, 52, ராமநாதபுரம் சென்டர்' என்று ஒரு வரி கிடைக்கும். கீழக்கரையில் மட்டும் அந்தப் பெயரில் எத்தனை பேர்!

சிகிச்சைக்காக மதுரையில் உறவினர் வீட்டில் தங்குபவர் அந்த வீட்டு முகவரியைக் கொடுப்பதும் உண்டு. பதிவேட்டுக்கு வேண்டியது வழக்கமாக வசிக்கும் இடம். குறைந்தது ஓராண்டு வசித்திருக்க வேண்டும் என்பது விதி. 'இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள்' என்று கேட்டால் தவறான விடைதான் வரும். 'ஒரு வருஷமா எந்த ஊர்ல குடியிருக்கீங்க' என்றே கேட்க வேண்டும்.

இதைக் கேட்கக்கூடிய ஒரே இடம் நோயாளியோ துணைக்கு வந்தவரோ நேரில் நிற்கும் இடம். மதுரை ஆய்வகத்தில் நிற்பது துணுக்கைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவ டப்பா மட்டுமே. எனவே பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த ஆண்டு, பாலினம், தெருவும் ஊரும் வட்டமும், பின்கோடு, கைபேசி எண், துணுக்கு எடுத்த உறுப்பு, எடுத்த தேதி ஆகியவை இல்லாத சீட்டோடு எந்த மாதிரியையும் கலெக்‌ஷன் சென்டர்கள் அனுப்பக் கூடாது என ஆணையிட வேண்டுகிறோம். பின்கோடு இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்; 623இல் தொடங்குபவற்றை வெளியூர் ஆய்வகம் ஒரு நொடியில் பிரித்துவிடலாம்.

ஆய்வகத்தில் நேரும் பிழைகள் வேறு வகை. அறிக்கைகளில் 'கார்சினோமா' (புற்றுநோயின் ஒரு பெரும் வகை) என்ற சொல்லை மட்டும் தேடி எடுத்தால், 'கார்சினோமா இல்லை' என்ற அறிக்கையும் சேர்ந்து வரும். லிம்போமா, மெலனோமா, சார்கோமா, மைலோமா ஆகிய பிற வகைப் புற்றுகள் விடுபட்டுப்போகும். ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் பயாப்சிப் பிரிவுக்கு வருவதில்லை. ரத்தத் தடவல், எலும்பு மஜ்ஜை, ஃப்ளோ சைட்டோமெட்ரி (அணுக்களை வகைபிரிக்கும் சோதனை) அறிக்கைகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரே கட்டிக்கு முதலில் ஊசிப் பரிசோதனை, பிறகு பயாப்சி, அறுவைக்குப் பின் முழு உறுப்பு, அதன்மேல் ஐ.எச்.சி. (புற்றின் வகையறியும் சாயச் சோதனை) என நான்கு லேப் எண்கள் விழலாம். நான்கையும் அனுப்பட்டும், ஆனால் பழைய எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பட்டும். இல்லையேல் ஒருவர் நால்வராகிவிடுவார். அதே நேரம், ஒருவருக்கே மார்பகத்தில் ஒன்றும் கருப்பை வாயில் ஒன்றுமாக இரண்டு தனித்தனிப் புற்றுநோய்கள் இருந்தால் அவை இரண்டு பதிவுகள்.

கழுத்து நெறிக்கட்டியில் பரவிய புற்று என்று அறிக்கை வந்தால் அதை நிணநீர்க்கணுப் புற்றுநோய் எனப் பதிவது பெரும்பிழை. மூல உறுப்பு வாயா, தொண்டையா என்று மருத்துவரிடம் கேட்டு எழுத வேண்டும். தெரியாவிட்டால் 'மூலம் அறியப்படவில்லை' என்றே பதிய வேண்டும். ஐ.சி.டி.-ஓ (புற்றுநோய்களுக்கான சர்வதேச வகைப்பாடு) குறியீட்டில் இறுதி எண் 3 என்றால் ஊடுருவிய புற்று, 2 என்றால் இன்னும் ஊடுருவாதது. கருப்பை வாயில் காணும் சி.ஐ.என். 3 (புற்றுக்கு முந்தைய மாற்றம்) எண் 2இல் சேரும். பெயரிலுள்ள 3ஐப் பார்த்து ஊடுருவிய புற்றோடு சேர்த்தால் எண்ணிக்கை ஊதிவிடும்.

துணுக்கை உப்பு நீரில் போட்டு அனுப்புவதையும் தடுக்க வேண்டும். 10 சதவீத பஃபர் ஃபார்மலின், துணுக்கின் அளவைப்போல் பத்து மடங்கு தேவை. அழுகி வந்த துணுக்குக்குக் 'கருத்துக் கூற இயலாது' என்றுதான் அறிக்கை வரும்; பதிவேட்டில் அந்த நோயாளி இல்லை.

ஆகவே, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் வழியாக மாவட்டத்திலுள்ள அனைத்து ஆய்வகங்களுக்கும் கலெக்‌ஷன் சென்டர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பவும், மதுரை மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதி அங்குள்ள ஆய்வகங்கள் 623 பின்கோடு அறிக்கைகளை ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் பதிவேட்டுக்கு அனுப்பச் செய்யவும் வேண்டுகிறோம். நோயாளி எவரும் இல்லாத மாதத்திலும் 'இன்மை' அறிக்கை வர வேண்டும். வராத தாளை வைத்து, நோய் இல்லையா, அனுப்பவில்லையா என்று சொல்ல முடியாது. பட்டியல் கடவுச்சொல் இட்ட கோப்பாகவே போகட்டும்; வாட்ஸ்அப் குழுவில் போனால் ஊருக்கே தெரிந்துவிடும், அதன்பின் எவரும் உண்மை முகவரி தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
மேற்கண்ட மனுதாரர்கள்

இணைப்பு: மாதிரிச் சீட்டு, ஒரு பக்கம்.