பாப்பாவுக்கு, பீலியடியிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். சிவப்பி கன்று போட்டுவிட்டது, கிடாரி. வேறு விசேஷம் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதினாறு நாளாக ஒரே ஒரு டிக்தான் விழுகிறது, அதனால் பேப்பரில் எழுதுகிறேன். போன் பழுதாகியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காலையில் வெறும் தேத்தண்ணியோடு லெக்சருக்கு ஓடாதே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. மழை பலமாம், ஆற்றுப் பக்கம் போகாதே.

நான் எழுத உட்கார்ந்தது தண்ணீர் விஷயமாகத்தான். மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் பக்கத்தில் நீலப் பீப்பாய் வைத்தேனே, அதிலிருந்து கீழே லீக்ஸ் பாத்திக்கு ஹோஸ் போட்டேன். நடுவில் அந்தப் பாறை, அதன் மேல் ஏற்றித்தான் இறக்க வேண்டும். ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நான் பீப்பாய்க்குள் முக்கிப் பிடிக்க, மறுமுனையை அம்மா விரலால் அடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே. விரலை எடுத்ததும் தண்ணீர் பாறை ஏறி ஓடியது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அதிசயம்தான். ஆனால் விடிந்து போய்ப் பார்த்தால் நின்றிருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பக்கத்து லயத்துப் பொடியன்கள் வேலைதான் என்று சத்தம்கூடப் போட்டேன், பாவம் அதுகள்.

பிறகு பாறை உச்சியில் ஹோஸை அறுத்து, கண்ணாடி மாதிரித் தெரிகிற குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிவிட்டு இஸ்தோப்பிலிருந்து பாயைக் கொண்டுவந்து போட்டு அங்கேயே உட்கார்ந்தேன். பாப்பா, குமிழி! உச்சியில் தண்ணீரின் அமுக்கம் வெளியே இருக்கும் காற்றை விடக் குறைவு, அதனால் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சோடாப் போத்தல் திறந்த மாதிரி பிரிந்து வருகிறது. ஓட்டம் மெதுவாக இருப்பதால் அது அடித்துக்கொண்டு போகாமல் மேட்டிலேயே தங்கித் தங்கி, கடைசியில் தண்ணீரை இரண்டாக அறுத்துவிடுகிறது. கீழ் முனையை இன்னும் மூன்று அடி இறக்கி வைத்தேன். வேகம் கூடியது, குமிழிகளையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இன்றோடு ஒன்பது நாள், நிற்கவில்லை.

இப்படி மேட்டைத் தாண்டித் தண்ணீர் இறக்குகிற சைஃபனைக் கடல் மட்டத்தில் பத்து மீட்டர் வரை ஏற்றலாமாம். நம் மலை உயரத்துக்குக் கணக்குப் போட்டேன், 9 மீட்டர்கூடத் தேறாது. நம் பாறை ஏழு அடிதான். கணக்கு உன்னுடைய பழைய பௌதிகவியல் கொப்பியின் பின்பக்கத்தில் இருக்கிறது, வந்து பார்த்துத் திருத்து.

அந்தக் கொப்பியைத் திறந்தபோதுதான் உன் பெரியவள் சடங்கு வீடு ஞாபகம் வந்தது. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மாமாவுக்கு நான் சைஃபனை விளக்கினேன், காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது என்று. உள்ளேயிருந்து நீ கேட்டாய், காற்று ரெண்டு பக்கமும்தானே தள்ளுது, அப்போ எப்படி கீழ்ப்பக்கம் போகுதுன்னு. எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று அத்தனை பேர் முன்னாலும் அதட்டினேன். நீ சொன்னதுதான் சரி, ஓட்டுவது புவியீர்ப்பு, நீளமான கால் பக்கத் தண்ணீரின் பாரம். காற்று செய்வதெல்லாம் உச்சியில் தண்ணீர் அறுந்துபோகாமல் அமுக்கிப் பிடிப்பது. நான் மட்டும் ஏமாறவில்லை, ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியே 1911 முதல் காற்றமுக்கம் என்றுதான் போட்டிருந்ததாம், 2010இல் ஸ்டீபன் ஹியூஸ் என்று ஒரு அவுஸ்திரேலிய விரிவுரையாளர்தான் பிழை என்று காட்டினார். இத்தனை வருஷமாக இதை உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

நேற்று உன் கேம்பஸில் படிக்கிற அந்த லயத்துப் பையன் லீவில் வந்திருந்தான். உன்னைக் கண்டாயா என்று சும்மா கேட்டேன். லெக்சர் ஹோலில் இப்போதெல்லாம் கண்ணில் படுவதில்லை என்றான். கேம்பஸ் பெரிய இடம்தானே என்று நானே அவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. நம் தோட்டத்திலிருந்து கணிதப் பிரிவில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பிள்ளை நீ, தேயிலை ஸ்டோர் வேலையாட்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் கேட்பது உன்னைத்தான். ஒரு போன் எடுத்துப் பேச உனக்கு ரெண்டு நிமிஷம் கிடைக்கவில்லை. சரி, விடு. சாப்பிடு.

இன்னொன்று. இப்போது மியூவான் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வானத்தில் மேலே உண்டாகிக் கொட்டுகிற துகள், சராசரி ஆயுள் ஒரு செக்கனில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளி வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். 1963இல் அமெரிக்காவில் வொஷிங்டன் மலை உச்சியில் எண்ணினார்கள், மணிக்கு 560 சொச்சம். அந்த மலை ஏறக்குறைய நம் நுவரெலியா டவுன் உயரம். பிறகு கடல் மட்டத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள். பழைய கணக்குப்படி 27தான் மிஞ்ச வேண்டும், வந்தது 400க்கு மேல். ஓடுகிறவனுக்கு நேரம் மெதுவாகப் போகிறது என்று ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது. மியூவான் பக்கம் நின்று பார்த்தால்? அதற்குத் தன் கடிகாரம் சரியாகத்தான் ஓடும், மலைதான் சுருங்கிப் போயிருக்கும், 1,900 மீட்டர் மலை 200 சொச்சம் மீட்டராக. இதற்கு எனக்கு ரெண்டு ராத்திரி போனது, கரண்டும் போனது.

இரட்டைப் பிள்ளைக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டேன். ஒருத்தன் ராக்கெட்டில் போய்த் திரும்புகிறான், அவன் வயது குறைவு. ஆனால் அவன் பார்வையில் வீட்டில் இருந்தவன்தானே ஓடினான்? போனவன் நடுவழியில் திரும்பினான், வீட்டில் இருந்தவன் திரும்பவில்லை, வித்தியாசம் அங்கேதான் என்கிறார்கள். கணக்குப் போட்டால் வருகிறது, மண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. இதை நீ பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக் காட்டினால்தான் விளங்கும்.

தாத்தா ஸ்டோரில் விழுந்து காலை உடைத்ததால் நான் படிப்பை விட்டேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ பேச்சுப் போட்டியில்கூட அதைச் சொல்லிப் பரிசு வாங்கினாய். தாத்தா விழுந்தது நான் படிப்பை விட்டு எட்டு மாதம் கழித்து. உயர்தரப் பரீட்சையில் எனக்குப் பௌதிகவியல் எஃப், இணைந்த கணிதமும் எஃப். ரிசல்ட் வரவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு மூன்று வாரம் தினமும் டியூஷன் போகிற மாதிரி கொப்பியை எடுத்துக்கொண்டு போய் சிங்கமலை ரயில் சுரங்கத்து வாயில் உட்கார்ந்திருந்தேன். கொட்டகலைப் பக்கம் நுழைகிற கோச்சி எத்தனை செக்கனில் இந்தப் பக்கம் வருகிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பேன், சுரங்கம் 562 மீட்டர், வேகம் கண்டுபிடிக்கலாம் அல்லவா. வேறு நினைப்புகளும் வந்தன, அதை எழுத வேண்டாம். இரண்டாம் தடவை எழுது, நான் சொல்லித் தருகிறேன் என்று படிப்பித்த சேர் வீடு தேடி வந்தார். லயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த மூன்று வாரத்தில் தாத்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

நானும் கேட்கவில்லை. உனக்கு வர வேண்டும் போலிருந்தால் வா, லீவா இல்லையா என்று பார்க்காதே. ஹட்டனுக்கு எத்தனை மணிக்கு வந்தாலும் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன், போன் பழுதென்றால் வேறு யாருடைய போனிலாவது ஒரு ரிங் கொடு போதும்.

இதைக் கொண்டுவருகிற பையனிடம் நாலு தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்திருக்கிறேன், அவனுக்கும் ஒன்று கொடு. பழைய மப்ளரும் இருக்கிறது. ஆற்றுப் பக்கம் போகாதே, அக்பர் பாலத்தில் மழை நேரம் நிற்காதே. சாப்பிடு.

தாத்தா கால் விஷயம் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. சொல்லிவிடாதே.

அப்பா