புல்வெளிக்கும் கணக்கில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் புல்வெளியை மீட்க, வெளிநாட்டு மரமான சீகையை (வாட்டில்) வெட்டும் இடத்திலெல்லாம், "பருவநிலை கெட்டுக் கிடக்கும்போது மரத்தை வெட்டலாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கோளாறு கணக்கெடுப்பில் இருக்கிறது. 2030-க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்சும் அளவுக்குக் காட்டையும் மரங்களையும் பெருக்குவதாக 2015-ல் இந்தியா உறுதி தந்தது. இந்திய வன ஆய்வு நிறுவனமோ, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரத்தழை 10 சதவீதம் மூடியிருந்தால் காடு என்று எழுதிக்கொள்கிறது. என்ன மரம் என்று கேட்பதில்லை. ஆக, சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) காடு. நீலகிரியின் முக்குருத்திப் புல்வெளி காடல்லாத நிலம்! சீகையை அகற்றிப் புல்லை மீட்டால், ஏட்டில் காடு குறைந்ததாகவே பதிவாகும்.

புல்வெளியின் கார்பன் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது. மேல்புல் எரிந்தாலும் அது தங்கும். தண்ணீர்க் கணக்கு இன்னும் தெளிவானது. நீலகிரியின் கிளன்மார்கனில் ஒரு புல்வெளி நீர்ப்பிடிப்பில் கற்பூர மரம் நட்டு, நடாத பக்கத்து நீர்ப்பிடிப்போடு ஓடை நீரை ஒப்பிட்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டை துளிர்த்த மறுதாம்பில் இழப்பு இன்னும் கூடியது. நீலகிரி ஓடைகள் பலவும் பவானிசாகரில் சேர்வதால், இது ஈரோட்டு வயல்காரருக்கும் உரிய செய்தி.

அதற்காக மொட்டையடிப்பதும் தவறு. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். மரத்தைச் சாய்த்து இயந்திரத்தால் இழுத்து, சருகுக்குத் தீயும் வைத்தால், அடுத்த மழையில் கீரைப்பாத்தி போல முளைத்து நிற்கும். முழங்கால் உயரத்துக்குள், மழை விட்ட ஈரத்தில், வேரோடு கையால் பிடுங்க வேண்டும். தாமதித்தால் தண்டுதான் முறியும். வெள்ளிச் சீகை வேரிலிருந்தும் கிளைக்கும் என்பதால், ஒரு முறை வெட்டிவிட்டுப் போனால் முன்னைவிட அடர்த்தியாகிவிடும். பழனி மலையில் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை எனப்படும் இயற்கை மலைக்காட்டின் மரக்கன்றுகள் தாமாகவே எழுகின்றன. அங்கே கைவைக்காமல் இருப்பதே மேல்.

வெறும் மண்ணாக விட்ட சரிவு ஒரு பெருமழைக்குத் தாங்காது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியதை மறக்க முடியுமா? எனவே ஜூனில் மழை பிடித்ததும், உள்ளூர்ப் புல் தூர்களைப் பிரித்துச் சரிவுக்குக் குறுக்கு வரிசையாக நட வேண்டும். அதற்கு ஓராண்டு முன்பே புல் நாற்றங்கால் தயாராக இருக்க வேண்டும். நாற்றங்கால் என்றாலே மரக்கன்று என்ற நினைப்பில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வெட்டுக்கூலியோடு ஒதுக்கீடு தீர்ந்துவிடக் கூடாது. பிடுங்கும் வேலைக்குக் குறைந்தது 5 ஆண்டுக் கூலியைச் சேர்த்தே ஒதுக்க வேண்டும். வன ஆய்வு அறிக்கையில் மலைப்புல்வெளிக்குத் தனிப் பிரிவு வேண்டும். அது வரும்வரையாவது, புல்வெளியில் மரக்கன்று நடும் விழாக்களுக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி தராமல் இருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி