தேதி குறிக்கும் முன் யூதப் பஞ்சாங்கத்தையும் புரட்டுங்கள்

எருசலேம் புனிதப் பயணம் நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும், குழுவோடு செல்லும் போதகர்கள், அருட்தந்தையர்களுக்கும்,

வணக்கம்.

ஜோர்டானில் இறங்கி, பாலம் தாண்டி இஸ்ரேலுக்குள் நுழைந்து, எல்லைச் சாவடியான தாபா வழியாக எகிப்து போய்த் திரும்பும் பத்து நாள் பயணம். உங்கள் நோட்டீஸ்கள் பலவற்றில் இதுதான் பாதை. விமான டிக்கெட் விலை, பள்ளி விடுமுறை, தவக்காலம் எல்லாம் பார்த்துத்தான் தேதி குறிக்கிறீர்கள். போகிற ஊரில் அன்றைக்கு என்ன பண்டிகை என்பதை மட்டும் பார்க்க விட்டுவிடுகிறீர்கள். அதனால் வரும் சிக்கல்கள் எல்லாமே முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கூடியவை என்பதால்தான் இந்த மடல்.

முதல் தவறு, பண்டிகை நாள் எப்போது தொடங்குகிறது என்பதில். "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று" என்று ஆதியாகமத்தில் படித்திருக்கிறோம். யூதர்களுக்கு இன்றும் அதுதான் கணக்கு. சூரியன் சாய்ந்தால் அடுத்த நாள் பிறந்துவிடும். காலண்டரில் வெள்ளிக்கிழமை பண்டிகை என்று போட்டிருந்தால், வியாழன் பிற்பகலிலேயே கடைக்கதவு இறங்கிவிடும். எருசலேமில் விளக்கேற்றுவது அஸ்தமனத்துக்கு 40 நிமிடம் முன்னால். மற்ற ஊர்கள் பலவற்றில் 18 நிமிடம். மறுநாள் மூன்று நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில்தான் நாள் முடியும். ஆக, ஒரு நாள் பண்டிகை உங்கள் திட்டத்தில் இரண்டு நாளைத் தின்னும்.

இரண்டாவது தவறு, ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரம் என்றால், எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்காவும் கூடவே வரும் என்ற நம்பிக்கை. யூத மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறக்கும், 29 அல்லது 30 நாள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள்தான். அப்படியே விட்டால் பஸ்கா வருடத்துக்குப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து, சில ஆண்டுகளில் குளிர்காலத்துக்குப் போய்விடும். பஸ்கா வசந்தத்தில்தான் வர வேண்டும் என்பது நியாயப்பிரமாணம். அதனால் 19 ஆண்டில் 7 ஆண்டுகளுக்கு ஆதார் என்ற மாதத்தை இரண்டு முறை வைக்கிறார்கள். நம் பஞ்சாங்கத்தின் அதிக மாதத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பஸ்கா வரும் நிசான் மாதம் 15-ஆம் நாள் பௌர்ணமியை ஒட்டியே வரும். நம் கணக்கில் அது பங்குனிப் பௌர்ணமி, இல்லாவிட்டால் சித்திரைப் பௌர்ணமி. சபைகள் ஈஸ்டரைக் குறிக்கும் கணக்கு வேறு. மாதம் கூடும் சில ஆண்டுகளில் இரண்டும் ஒரு மாதம் வரை விலகிவிடும். 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31, பஸ்கா தொடங்கியது ஏப்ரல் 22 மாலை. 2027-இலும் அப்படித்தான்: ஈஸ்டர் மார்ச் 28, பஸ்கா ஏப்ரல் 21 மாலை. "யூதர்களின் பஸ்காவை நேரில் காணுங்கள்" என்று 2027 பரிசுத்த வாரத்துக்கு நோட்டீஸ் அடித்தால், பயணிகள் காணப் போவது, எஸ்தர் காலத்தில் ஆமானிடமிருந்து யூதர்கள் தப்பியதைக் கொண்டாடும் பூரீம் பண்டிகையை. மற்ற ஊர்களில் மார்ச் 23, மதில் சூழ்ந்த பழைய நகரம் என்பதால் எருசலேமில் மட்டும் ஒரு நாள் தள்ளி மார்ச் 24. எஸ்தர் சுருளை வாசிக்கும்போது ஆமான் பெயர் வரும் இடமெல்லாம் கிலுகிலுப்பை சத்தம், தெருவில் வேஷம் கட்டிய பிள்ளைகள். அதுவும் பார்க்க வேண்டியதுதான். சொல்லி அழைத்துப் போங்கள்.

பஸ்கா வாரத்திலேயே போகிறீர்கள் என்றால், பேச்சு சாப்பாட்டில்தான் தொடங்க வேண்டும். கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்னும் ஐந்து தானியங்களின் மாவில் தண்ணீர் பட்டு, 18 நிமிடத்துக்குள் வேகாவிட்டால் அது புளித்ததாகக் கணக்கு. அதன் பெயர் ஹமேட்ஸ். அதைச் சாப்பிடுவது மட்டுமில்லை, வீட்டில் வைத்திருப்பதும் கூடாது. முந்தின இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அலமாரி மூலை, சட்டைப்பை எல்லாம் தேடி, கிடைக்கும் துணுக்கை இறகால் மரக்கரண்டியில் தள்ளி, காலையில் எரித்துவிடுவார்கள். சூப்பர் மார்க்கெட்டில் அந்த அலமாரிகள் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கிடக்கும். அந்த நாட்களில் அதை விற்பனைக்குப் பரப்பி வைப்பதைக் கட்டுப்படுத்த 1986 முதல் சட்டமே இருக்கிறது.

இப்போது நம் பைகளைத் திறந்து பாருங்கள். பிஸ்கட், ரஸ்க், நூடுல்ஸ், ரவை லட்டு, சப்பாத்தி எல்லாம் ஹமேட்ஸ். முறுக்கு அரிசியும் உளுந்தும்தானே என்பீர்கள். அரிசியும் பருப்பும் ஹமேட்ஸ் இல்லை, ஆனால் ஐரோப்பிய மரபினரான அஷ்கனாசிகள் பலர் அவற்றையும் அந்த வாரம் தொடுவதில்லை. ஈராக், மொராக்கோ மரபினர் பலர் தாராளமாகச் சோறு சாப்பிடுவார்கள். எங்கும் யாரும் கவனிக்காத ஒன்று பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சகஜம். டப்பாவின் பின்பக்கம் படித்தால் தெரியும். எனவே உங்கள் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், பருப்புப்பொடி எதுவும் கோஷர் (யூத உணவு விதிகளைக் கைக்கொள்ளும்) ஓட்டலின் சாப்பாட்டு அறைக்குள் போகக் கூடாது. பஸ்கா இல்லாத நாளிலும் வெளிச் சாப்பாட்டை அங்கே பிரிக்க விடமாட்டார்கள். இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது என்பதால், கோழி பரிமாறிய இரவில் தயிரும் பால் டீயும் வராது. சர்வரோடு சண்டை போட்டுப் பயனில்லை. இதைப் புறப்படும் முன்பே கூட்டம் போட்டுச் சொல்லிவிடுங்கள். பெத்லகேமில் தங்கினால் இந்தச் சிக்கல் இருக்காது, வேறொன்று வரும்: பெரிய பண்டிகைகளுக்கு மேற்குக் கரைச் சோதனைச் சாவடிகளில் பாலஸ்தீனர்களுக்கு வழி அடைக்கப்படும். உங்கள் ஓட்டுநரும் வழிகாட்டியும் பாலஸ்தீனர் என்றால் மாற்று ஆள் கையில் இருக்க வேண்டும்.

போதகர்களுக்கு ஒரு வார்த்தை. "யூத முறைப்படி பஸ்கா விருந்து" என்று ஆட்டுக்குட்டியைச் சுட்டு மேசையில் வைப்பது யூத முறை அல்ல. கி.பி. 70-இல் எருசலேம் தேவாலயம் இடிந்த பின் பலி கிடையாது. தட்டில் இருப்பது வெறும் எலும்பு, அதைச் சாப்பிடுவதில்லை. அதோடு முட்டை, கசப்புக் கீரை, உப்புத் தண்ணீரில் தோய்க்க ஒரு காய், செங்கல் சாந்தை நினைவூட்டும் பழக்கலவை. திராட்சரசம் நான்கு கிண்ணம். ஒரு கிண்ணத்தின் குறைந்த அளவு சுமார் 86 மில்லி என்பது ஒரு கணக்கு, 150 என்பது இன்னொன்று. இன்றும் குட்டியை அறுத்துச் சுடுகிறவர்கள் கெரிசீம் மலையில் இருக்கும் சமாரியர்கள்.

இஸ்ரேலில் பஸ்கா ஏழு நாள், வெளிநாட்டு யூதர்களுக்கு எட்டு. முதல் நாளும் ஏழாம் நாளும்தான் முழு ஓய்வு. நடுநாட்களில் எல்லாம் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நாட்டுக்கே விடுமுறை என்பதால் மசாதா, கலிலேயாக் கடற்கரை, செசரியா எங்கும் நெரிசல். எபிரோனில் ஆபிரகாமின் கல்லறையான மக்பேலா குகை ஆண்டில் பத்து நாள் யூதருக்கு மட்டும், பத்து நாள் முஸ்லிம்களுக்கு மட்டும். யூதருக்கான நாட்களில் சில பஸ்கா, கூடாரப்பண்டிகை நடுநாட்களிலேயே விழும்.

இலையுதிர் காலத்து ஏழாம் மாதம் இன்னும் நெருக்கடி. யூதப் புத்தாண்டான எக்காளப் பண்டிகையில் (ரோஷ் ஹஷானா) ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவதைக் கேட்கத்தான் பலர் ஆசைப்படுவார்கள். இரண்டு நாள் பண்டிகை, நாளுக்கு நூறு முறை ஊதுவது வழக்கம். ஆனால் முதல் நாள் சனிக்கிழமையில் விழுந்தால் அன்று ஊதமாட்டார்கள். 2026-இல் செப்டம்பர் 12, 2027-இல் அக்டோபர் 2, இரண்டுமே சனி. குழுவை ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். கடைத்தெருவில் வாங்கிய கொம்பை அழுகைச் சுவர் முன் நின்று நீங்கள் ஊத வேண்டாம்.

பாவநிவிர்த்தி நாளில் (யோம் கிப்பூர்) எந்தப் பயணத்தையும் வைக்காதீர்கள். 2026-இல் அது செப்டம்பர் 21, திங்கள். ஞாயிறு மதியத்துக்குமேல் பென் குரியன் விமான நிலையம் ஓய்ந்து, திங்கள் இரவில்தான் உயிர் பெறும். ஜோர்டான் பாலங்களும் தாபாவும் மூடிக் கிடக்கும். பத்து நாள் திட்டத்தில் எல்லை தாண்டும் நாள் அதுவானால் மொத்தப் பயணமும் கவிழும். பேருந்து, ரயில், தொலைக்காட்சி எதுவும் ஓடாது. ஆளில்லாத நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் விடுவார்கள். "ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்தி" என்ற லேவியராகம வசனத்தை அவர்கள் ஐந்து விலக்குகளாகக் கைக்கொள்கிறார்கள்: உணவும் நீரும், குளியல், எண்ணெய், தோல் செருப்பு, தாம்பத்தியம். 25 மணி நேரம். கோட் போட்ட பெரியவர் காலில் ரப்பர் செருப்பு இருந்தால் சிரிக்காதீர்கள், காரணம் இதுதான். "ஹாப்பி" என்று வாழ்த்துவதும் பொருந்தாது.

ஐந்தாம் நாள் கூடாரப்பண்டிகை. தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். சுவர் துணியாகவும் இருக்கலாம். கூரை மண்ணில் முளைத்து வெட்டப்பட்டதாகவே இருக்க வேண்டும். வெயிலைவிட நிழல் அதிகம், ஆனால் இரவில் நட்சத்திரம் தெரிய வேண்டும். மரத்தடியில் போட்டால் செல்லாது. வேதாகமம் சொல்லும் "அலங்காரமான விருட்சங்களின் கனி" எலுமிச்சை குடும்பத்து எத்ரோக் பழம். அதோடு ஒரு பேரீச்சங்குருத்து, மூன்று மிர்த்தில் கிளை, இரண்டு ஆற்றலரி (வில்லோ) கிளை. சந்தையில் பழத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்குவார்கள். நுனியில் காம்புபோல் நிற்கும் பகுதி முறிந்துபோனால் பழம் தேறாது. ஆகவே தொட்டுப் பார்க்கக் கையை நீட்டாதீர்கள். ஓட்டல் முற்றத்துக் குடிசையில் நிழலாக இருக்கிறதே என்று குழுவை உட்கார வைக்கவும் வேண்டாம். அதற்குள் இடம் கிடைத்தால்தான் பக்தியுள்ள யூதர்கள் சாப்பிட முடியும்.

டிசம்பரை ஒட்டி வரும் பிரதிஷ்டைப் பண்டிகை (ஹனுக்கா) உங்கள் திட்டத்தைத் தொடாது. எட்டு இரவு விளக்கு, எண்ணெயில் பொரித்த பலகாரம், கடைகள் திறந்தே இருக்கும்.

வாராந்தர ஓய்வுநாளுக்கும் இவற்றில் பாதி பொருந்தும். சனிக்கிழமை அறை கிடைப்பது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். அன்று பொத்தானை அழுத்தமாட்டார்கள் என்பதால் ஒரு லிப்ட் மாடிக்கு மாடி தானாக நிற்கும், கெட்டுப்போகவில்லை. அழுகைச் சுவர் வளாகத்தில் அன்று படமெடுக்கவோ கைப்பேசியை எடுக்கவோ கூடாது. எழுதவும் மாட்டார்கள் என்பதால், ஜெபச் சீட்டை முந்தின நாளே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த நோட்டீஸில் தேதிக்குக் கீழே ஒரு வரி போதும்: பயண நாட்களில் வரும் யூதப் பண்டிகை, அது தொடங்கும் மாலை, அன்று மூடியிருக்கும் இடங்கள். ஏற்கெனவே பாவநிவிர்த்தி நாளில் மாட்டிக்கொண்ட குழு இருந்தால், அறையிலேயே வைத்திருங்கள், ரொட்டியும் பழமும் முந்தின நாள் காலையில் வாங்கிவிடுங்கள். மாலையில் நடந்தே அழுகைச் சுவருக்கு அழைத்துப் போங்கள். கடைசி ஜெபம் முடிந்து நீளமாக ஒரு கொம்போசை கேட்கும். திரும்பி வரும் வழியில் சில வீடுகளில் சுத்தியல் சத்தமும் கேட்கலாம். நோன்பு முடிந்த கையோடு கூடாரத்துக்கு முதல் ஆணியை அடிப்பது அவர்கள் வழக்கம்.

இப்படிக்கு,
யூத நாட்காட்டியைக் கவனித்து வருபவர்கள் சிலர்