டவுன் சின்ட்ரோம் எலிகளை ஆராய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டவுன் சின்ட்ரோம் சுண்டெலிகளை வைத்து ஆய்வு செய்கிறவர்களுக்கும், அந்த ஆய்வுகளைச் செய்தியாக்கி வெளியே அனுப்புகிற பல்கலைக்கழகச் செய்திப் பிரிவுகளுக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு டவுன் சின்ட்ரோம், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 'மருந்து வந்தாச்சாம்' என்று சொந்தத்தில் யாராவது அவ்வப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். முன்பெல்லாம் அம்மா என்னை உட்காரவைத்து முழுசையும் படித்துச் சொல்லச் சொல்வார். இப்போது 'எலிக்கா, மனுசனுக்கா?' என்று கேட்பதோடு சரி. நீங்கள் தலைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டியதை அம்மா கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

எலி ஆய்வே கூடாது என்று சொல்ல வரவில்லை. 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருப்பதுதான் டவுன் சின்ட்ரோமுக்குக் காரணம் என்பது 1959-லேயே தெரிந்துவிட்டது, ஆனால் வளரும் மூளையில் அது என்ன செய்கிறது என்று பார்க்க எந்தக் குழந்தையின் மூளையையும் திறக்க முடியாது. சரி, எலி வேண்டும். எந்த எலி என்பதில்தான் சிக்கல்.

மனிதரின் 21-இல் உள்ள மரபணுக்கள் சுண்டெலியில் ஒரே இடத்தில் இல்லை. அதன் 16, 17, 10 என்ற மூன்று குரோமோசோம்களில் பிரிந்து கிடக்கின்றன. 16 முழுவதும் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தால் குட்டி பிறப்பதற்கு முன்பே செத்துப்போகிறது. 1990 வாக்கில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் மியூரியல் டேவிசன், ஆண் எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, குரோமோசோம் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொண்ட குட்டிகளைத் தேடிப் பிடித்து, டிஎஸ்65டிஎன் என்ற வம்சத்தை உருவாக்கினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். அப்புறம் வந்த ஆய்வுகளில் பெரும்பங்கு இந்த ஒரு வம்சத்தை நம்பியே நடந்திருக்கிறது.

அதன் குறைகள் உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. 16-இலிருந்து உடைந்து ஒட்டிய துண்டோடு 17-இன் ஒரு பகுதியும் சேர்ந்து வந்துவிட்டது, அதில் உள்ள மரபணுக்களுக்கும் மனிதரின் 21-க்கும் சம்பந்தமே இல்லை. ஆண்கள் பெரும்பாலும் மலடு, அதனால் வம்சம் தாய்வழியாகவே வருகிறது, அதாவது குட்டி வளர்வதே கூடுதல் குரோமோசோம் உள்ள தாயின் வயிற்றில். என் அம்மாவுக்கோ, நான் அறிந்த மற்ற அம்மாக்களுக்கோ அப்படி எதுவும் கிடையாது.

கண் விஷயம் இதைவிட வேடிக்கை. நினைவாற்றலைச் சோதிக்க, கலங்கலான தண்ணீர் நிறைந்த பெரிய வட்டத் தொட்டியில் எலியை விடுவார்கள். தண்ணீருக்கு அடியில் சின்ன மேடை ஒன்று மறைந்திருக்கும், சுற்றிலும் இருக்கும் அடையாளங்களைப் பார்த்து இடத்தை நினைவில் வைத்து எலி நீந்திப்போய் அதில் ஏற வேண்டும். ஆனால் தொடக்ககால டிஎஸ்65டிஎன் கூட்டத்தில் விழித்திரையை அழிக்கும் ஒரு மரபணு மாற்றமும் ஓடிக்கொண்டிருந்தது, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்து சேர்ந்த குட்டிக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விடும். பார்வையில்லாத எலி சுவரில் உள்ள அடையாளத்தை எங்கே பார்க்கும்? கவனமான ஆய்வகங்கள் அவற்றைச் சோதித்து ஒதுக்கின, பிற்பாடு அந்த மாற்றம் இல்லாத வம்சமும் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த எலிகளுக்கு, மறதி நோய்க்குத் தரும் மெமன்டைன் என்ற மருந்தைக் கொடுத்தபோது நினைவாற்றல் தேறியதாக 2007-இல் அறிக்கை வந்தது. 40 வயதைத் தாண்டிய டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அதே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்த முடிவு 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: பலனில்லை. மூளையில் காபா என்ற தடுப்புச் சமிக்ஞை மிகுந்துவிட்டது, அதைத் தணித்தால் கற்றல் மேம்படும் என்ற எண்ணம் வலுத்ததும் பெரும்பாலும் இதே எலிகளால்தான். அந்த வழியில் ரோச் மருந்து நிறுவனம் பாஸ்மிசனில் என்ற மருந்தை மனிதர்களிடம் சோதித்து, பலன் தெரியாததால் 2016-இல் நிறுத்தியது. எல்லாப் பழியையும் எலி மேல் போட மாட்டேன். மருந்து தொடங்கும் வயது, அளக்கும் முறை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் எலியில் பலித்த செய்தி எங்கள் வீடு வரை வந்தது, மனிதரில் பலிக்காத செய்தியை நானாகத் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

எனக்குப் பிடித்த ஒரு வழியையும் சொல்கிறேன். அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு குழு முதலில் டவுன் சின்ட்ரோம் உள்ள மனிதர்களின் செல்களைப் பார்த்தது. இன்டர்ஃபெரான் என்ற நோய் எதிர்ப்புச் சமிக்ஞை எப்போதும் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பதை 2016-இல் கண்டது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளுக்கான மரபணுக்களில் நான்கு 21-ஆம் குரோமோசோமிலேயே இருக்கின்றன. பிறகுதான் எலியிடம் போனார்கள், அதுவும் 16-இல் பொருந்தும் பகுதி மட்டும் இரட்டிப்பான டிபி16 எலியிடம். அந்த நான்கு மரபணுக்களின் பிரதிகளை மட்டும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது இதயக் கோளாறும் கற்றல் தடங்கலும் குறைந்தன, இது 2023-இல் வெளியானது. கேள்வி மனிதரிடமிருந்து வந்திருக்கிறது, எலி பதிலுக்கு உதவியிருக்கிறது. இந்த வரிசையில் போனால் எனக்கு நம்பிக்கை வருகிறது.

ஆகவே சில வேண்டுகோள்கள். செய்தித் தலைப்பில் 'சுண்டெலி' என்ற சொல் இருக்கட்டும், ஆறாவது பத்தியில் அல்ல. எந்த வம்சம், ஏன் அது, அதில் என்ன குறை என்று ஒரு வரி எழுதுங்கள். டிஎஸ்65டிஎன்னிலிருந்து 17-இன் அந்த வேண்டாத பகுதியை வெட்டி நீக்கிய டிஎஸ்66யா என்ற வம்சம் 2022-லேயே வந்துவிட்டது, பழைய எலியில் கண்ட சில கோளாறுகள் இதில் லேசாகவே தெரிந்தன. இதற்குப் பிறகும் பழையதில் மட்டும் பார்த்துவிட்டு மனிதச் சோதனைக்கு ஓடுவது என்ன நியாயம்? இன்னொரு வம்சத்திலும் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம், சோதனைக்கு வந்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, ரத்தம் கொடுத்து, அதே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்ன பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும், பலித்ததோ பலிக்கவில்லையோ, முடிவை அவர்களுக்குப் புரிகிற மொழியில் ஒரு பக்கமாக எழுதி அனுப்புங்கள், பத்திரிகைக்குப் போவதற்கு முன்பே.