எனக்காக உப்பு பார்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கும் உணவகத்தில் 19 ஆண்டுகளாகச் சமையல் மாஸ்டராக இருக்கும் நான், உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஐந்து வார ஓய்வுக்குப் பின் மீண்டும் அடுப்பின் முன் நிற்கத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. 121 கிலோவாக இருந்தவன் இன்று 93 கிலோவாக இருப்பதைப் பார்த்து, கடைக்கு வருகிறவர்கள் என் மனவுறுதியைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாராட்டு உண்மையில் யார் யாருக்குச் சேர வேண்டியது என்பதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது இறங்குவதே நான்கைந்து கரண்டிதான் என்பது வேறு விஷயம்.

முதல் நன்றி, எங்கள் வட்டாரப் பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) தாதி ஒருவருக்கு. என் உயரத்துக்கு உடல் எடைக் குறியீட்டெண் (பிஎம்ஐ) ஏறத்தாழ 42 இருந்தது, ஆசியர்களுக்கு 27.5 ஆனாலே ஆபத்து அதிகம் என்பதையும், என் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை மட்டும் போதாது என்பதையும் நான் பலமுறை கேட்டுச் சலித்திருந்தேன். அந்தத் தாதி அதையே மறுபடி ஒப்பிக்கவில்லை. நான் சமையல்காரன் என்று தெரிந்ததும், "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ருசி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அதுவரை எவரும் கேட்காத கேள்வி அது. மறுநாள் காலையிலிருந்து சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு எண்ணியபோது, இரவுக்குள் 43 கோடுகள் இருந்தன. ஆறு கிளாஸ் தே தாரிக், அதாவது சர்க்கரைப் பால் ஊற்றி ஆற்றிய தேநீர், தனிக் கணக்கு. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுகிறேன் என்று மருத்துவரிடம் நான் சொல்லிவந்தது பொய்யில்லை; ஆனால் அந்த மூன்று வேளைக்கு நடுவில் இன்னொரு முழுச் சாப்பாடு கரண்டி கரண்டியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அறுவை சிகிச்சை மருத்துவர் எதையும் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் போன்ற குழாயாக்கித் தைப்பார்கள் என்றும், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் இடமும் அத்துடன் போய்விடுவதால் முதல் சில மாதங்கள் பசி அடங்கியிருக்கும் என்றும், அந்த மாதங்களில் பழக்கத்தை மாற்றாவிட்டால் எடை திரும்பிவிடும் என்றும் விளக்கினார். வயிற்றில் ஐந்து சிறு துளைகள், மருத்துவமனையில் மூன்று நாள் என்று அந்தப் பகுதி எளிதாகவே முடிந்தது. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், மெடிஷீல்டு லைஃப் என்ற மருத்துவக் காப்புறுதி எதற்கெல்லாம் கை கொடுக்கும் என்பதை, மூன்று முறை கேட்டும் முகம் சுளிக்காமல் எழுதிக் காட்டிய முகப்பு ஊழியருக்கும் என் வணக்கம்.

சிகிச்சையை விடக் கடினமாக இருந்தது அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான். கல்லீரலில் படிந்த கொழுப்பைக் குறைத்தால்தான் மருத்துவர் உள்ளே பாதுகாப்பாக வேலை செய்ய முடியும் என்பதால், பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதுதான் பெரும்பாலும் என் உணவு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப்பிள்ளைகள் வரிசையில் நிற்கும் கடையில், மட்டன் பிரியாணி தம்மைத் திறக்கும் நேரத்தில், கையில் வெனிலாப் பொடித் தண்ணீரோடு ஒருவன் எப்படி நிற்பான்? என்னைப் பிரியாணி அண்டாப் பக்கமே வரவிடாமல், சரக்குக் கணக்கு எடுக்கவும் காய் நறுக்கவும் பின்கட்டுக்கு அனுப்பிவைத்தவர் எங்கள் முதலாளியம்மா. மருத்துவமனை விடுப்பாகச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் கிடைக்கும் என்பதும், அதில் 14 நாள் சாதாரண மருத்துவ விடுப்பும் அடக்கம் என்பதும் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டத்தில் இல்லாத ஒன்றையும் அவர் செய்தார். ஐந்து வாரத்தில் ஒருமுறைகூட, எப்போது வருகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

திரும்பி வந்த முதல் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். எட்டு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது எனக்கு இடப்பட்டிருந்த கட்டளை; எங்கள் கடையில் வெறும் அண்டாவே அதைவிடக் கனம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் தம்பி, நான் குனிவதற்கு முன்பே அண்டாவின் இரு காதுகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு மீன் தலைக் கறி கொதித்து அடங்கியபோது, 19 ஆண்டுப் பழக்கத்தில் என் வலக்கை தானாகக் கரண்டியை எடுத்து இடது உள்ளங்கையில் குழம்பை ஊற்றிவிட்டது. காரமும் புளியும் ஆகாது என்பது ஊற்றிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையைத் துணியால் துடைத்துவிட்டு, தானே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மாஸ்டர், உப்பு நேத்து மாதிரியே இருக்கு. புளி ஒரு பிடி தூக்கல். வெந்தயம் பின்னால வருது." நான் வெல்லத்தை ஒரு சிட்டிகை போடச் சொன்னேன். அன்றைக்கு 12 குழம்பு, கூட்டு, பொரியலையும் அவர் நாக்கால் பார்த்து நான் சமைத்தேன். மற்றொருவர் நாக்கை நம்பிச் சமைப்பதற்கு எவ்வளவு கர்வத்தை விழுங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் புரியும்.

பாத்திரம் கழுவும் சீனப் பாட்டிக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது பத்துப் பதினைந்து மலாய்ச் சொற்கள்தான். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதை அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. முட்டை வேகவைக்கும் மணிக்கூடு ஒன்றைக் கொண்டுவந்து, நான் கிண்ணத்தைக் கீழே வைத்ததும் திருகிவிடுவார். அது ஒலிக்கும் வரை என் தண்ணீர் பாட்டில் அவருடைய மடியில்தான். தேநீர் கலக்கும் அண்ணனோ, சர்க்கரைப் பாலின் வாசம் என் பக்கம் வராதபடி தம் மேசையையே இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. திரும்பி வந்த மூன்றாம் வாரம், மதியக் கூட்ட நெரிசலில் உட்கார நேரமில்லாமல், நின்றபடியே இரண்டு வாய் கோழியை மெல்லாமல் விழுங்கினேன். அது நெஞ்சுக்குள் கல்லாக நின்றுகொண்டது. வாயில் நுரை நுரையாகச் சுரந்தது. பின்வாசல் சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்தேன். தம்பி என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். முதலாளியம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டார். தொலைபேசியில் பேசிய உணவியல் நிபுணர், இரண்டு நாள் மீண்டும் நீர் உணவுக்குப் போகச் சொல்லிவிட்டு, இனி 20 நிமிடம் உட்கார முடியாத வேளையில் சாப்பாட்டையே தொடாதீர்கள் என்றார். மறுநாள் குளிரறைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது.

இது குறுக்கு வழி என்று சொன்ன உறவினர்களும் உண்டு. ஆயுள் முழுவதும் வைட்டமின் மாத்திரையும் பி12-உம் எடுத்துக்கொண்டு, கொட்டும் தலைமுடியைச் சமையல் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு போகிற வழியைக் குறுக்கு வழி என்றால், நேர்வழியை அவர்கள்தான் காட்ட வேண்டும். "மாஸ்டருக்குச் சர்க்கரை முற்றிவிட்டதா?" என்று கேட்ட வாடிக்கையாளர்களுக்கு என் சார்பில் சிரித்தபடி பதில் சொல்லியே களைத்துப்போன காசாளர் தங்கைக்கு நன்றி.

வீட்டிலிருப்பவர்களுக்குப் பொதுவில் நன்றி சொன்னால் என் மனைவிக்குப் பிடிக்காது. ஆகவே, சூப்பை வடிகட்டிக் கொடுத்துவிட்டு, தம் சோற்றை என் கண்ணில் படாமல் ஒரு மாதம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டவர் ஒருவர் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் குறிப்பிடுகிறேன்.

காரத்துக்கான தடை போன வாரம் நீங்கிவிட்டது. வரும் திங்கட்கிழமை கடைக்கு ஓய்வு. அன்று பகல் 12 மணிக்கு, மேலே சொன்ன அனைவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். பிரியாணி நான் போடுகிறேன். அண்டாவையும் இப்போது நானே தூக்குவேன். உப்பு மட்டும் தம்பிதான் பார்க்க வேண்டும். அரை மணி முன்னதாக வந்துவிடச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் மாஸ்டர்