மார்ச்சில் மரக்கன்று அனுப்பாதீர்கள்

காவிரிப் படுகையில் ஆலை, கிடங்கு, துறைமுகம், இறால் பண்ணை நடத்தும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்குழுக்களுக்கு,

வணக்கம்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குள் வருகிற நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். காட்டுயிர்ப் பாதுகாப்பும் அதில் சேரும். ஆனால் உங்கள் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. மீந்த பணத்துக்கு அப்போதுதான் கடலோரச் சதுப்பில் வளரும் அலையாத்தி மரத்தின் கன்று நினைவுக்கு வருகிறது. மேட்டூர் அணையோ வழக்கப்படி ஜனவரி 28இலேயே மூடப்பட்டுவிடும். மார்ச்சில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றில் நன்னீர் இருக்காது, உப்புதான் ஏறும். ஏப்ரலில் சம்பா நடுகிறவர் டெல்டாவில் உண்டா?

கன்றை விட வாய்க்கால்தான் முக்கியம். ஆங்கிலேயர் காலம் தொட்டு அங்கே கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரத்தை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து தாழ்ந்து, தட்டுப் போலக் குழிந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய நீர் திரும்ப வடியாமல் அங்கேயே ஆவியாகி, உப்பை விட்டுச் செல்கிறது. அந்தப் பள்ளத்தில் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் கருகும். (பெயர்ப்பலகை மட்டும் உப்புக்காற்றில் நன்றாகவே தழைக்கிறது.)

செய்ய வேண்டியது மீன்முள் வடிவ வாய்க்கால். இயற்கை ஓடையிலிருந்து சுமார் 45 பாகைச் சாய்வில் தாய் வாய்க்கால், அதிலிருந்து 30 பாகையில் கிளைகள். மேலே அகலமும் அடியில் குறுகலுமாக வெட்ட வேண்டும். செங்குத்தாக வெட்டினால் கரை சரிந்து தூர்ந்துபோகும். கோடையில் வெட்டினால் மழைவெள்ளமும் ஓதமும் உப்பைக் கழுவும். அதன் பிறகே நடவு, அதுவும் வாய்க்கால் சரிவின் நடுப்பகுதியில். அடியில் நட்டால் மூழ்கி அழுகும், உச்சியில் நட்டால் ஓதநீர் எட்டாது. வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையின் விதை முற்றி உதிரும் காலத்தில் பொறுக்கி நேரடியாக ஊன்றலாம், நாற்றங்கால் செலவு மிச்சம். பிறகு ஆண்டுதோறும் வாய்க்கால் வாயைத் தூர்வார வேண்டும், பட்டுப்போன இடத்தில் மறுநடவு செய்ய வேண்டும், மாடு மேயாமல் காக்க வேண்டும். பெரும்பாலான திட்ட மதிப்பீடுகளில் கன்றின் எண்ணிக்கை இருக்கும், தூர்வாரும் கூலி இருக்காது. தோற்பது அங்கேதான்.

பணத்தைப் பருவத்துக்கு நிறுத்திவைக்கச் சட்டத்திலேயே வழி உண்டு. இயக்குநர் குழு இதைத் ‘தொடரும் திட்டம்’ என்று தீர்மானித்துவிட்டால், செலவழியாத தொகையை ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, 3 நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். பணி வனத்துறை அனுமதியோடும் அங்கே வாய்க்காலில் மீன்பிடிக்கும் மீனவர்களைக் கலந்தும் நடக்கட்டும். ஓதம் எப்போது எவ்வளவு ஏறும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்?

மரம் வேண்டாத இடங்களும் உண்டு. கோடியக்கரைப் புல்வெளி வெளிமான்களுடையது. பெயரிலேயே வெளி இருக்கிறது. அங்கே தேவை சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றுவது. வெட்டினால் மட்டும் போதாது, தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். காயைத் தின்னும் விலங்குகள் விதையைப் பரப்புவதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்றுகளைப் பிடுங்கியாக வேண்டும். பூநாரையும் உள்ளானும் இரை தேடும் சேற்றுத் திட்டைத் ‘தரிசு’ என்று எழுதி அலையாத்தி நடுவதும் வேண்டாம். நாகப்பட்டினக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிடும் மணலில் சவுக்கு நட்டால், வேர் குழி தோண்ட விடாது. நிழல் மணலைக் குளிர்விக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். கழிவுநீரைச் சுத்திகரிப்பது போன்ற சட்டக் கடமைகளை இந்த 2 விழுக்காட்டில் எழுத முடியாது. அது உங்கள் தொழிற்செலவு.

கடலோரத்தில் வளாகம் வைத்திருப்பவர்கள் கன்றே நடாமல் ஒரு வேலை செய்யலாம். ஜனவரி முதல் மே வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணையுங்கள். பாதுகாப்புக்காக அணைக்க முடியாதவற்றைத் தாழ இறக்கி, கடல் பக்கம் மறைப்புப் போட்டு, வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சள் விளக்கு மாட்டுங்கள். பொரிந்த ஆமைக் குஞ்சு வெளிச்சம் கூடிய திசையில் போகும். உங்கள் விளக்கு கடலை விடப் பிரகாசமாக இருந்தால் அது சாலைக்குத்தான் வரும். டிசம்பருக்குள் ஓர் இரவு உங்கள் எலக்ட்ரீசியனை மணலில் நிற்கவைத்து, எந்தெந்த விளக்கு கண்ணில் படுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
படுகைக் கரையோரப் பணியாளர்கள்